நெயில் பாலிஷ் போட்டா குமிழ் குமிழா வருதா? முதல்ல ஃபேனை ஆஃப் பண்ணுங்க!

விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரம் மாதிரி ஊர்களில் கல்யாணம், காதுகுத்து என்றால் முந்தின நாள் ராத்திரியே வீட்டில் நெயில் பாலிஷ் பாட்டில் வெளியே வந்துவிடும். விரலுக்குப் பூசுவதற்கென்றே செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏறி பார்லர் போகிறவர்கள் குறைவு. அக்கா தங்கச்சிக்குப் போட்டு விடுவாங்க, தங்கச்சி அத்தைக்குப் போட்டு விடுவாங்க.

போட்டு முடிக்கும்போது நல்லாத்தான் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு விரலில் குமிழ், இன்னொரு விரலில் கோடு கோடா திட்டு, கட்டை விரலில் போர்வையின் தடம் அச்சடித்த மாதிரி. 'விலை குறைஞ்ச பாட்டில், அதான் இப்படி' என்று பழி பாட்டில் மேல் விழும். பெரும்பாலும் பாட்டில் மேல் தப்பு இருக்காது. பூச்சு காய்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

சாதாரண நெயில் பாலிஷில் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ். நகத்தின் மேல் பளபளப்பான படலமாக நிற்பது இதுதான். இதை எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நிறமியும் வளைந்து கொடுக்கும் தன்மைக்கான பொருள்களும் சேர்க்கிறார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை அந்தக் கரைப்பான்களுடையது.

1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு அடித்த பெயின்டும் இதே நைட்ரோசெல்லுலோஸ் வகைதான். இன்றைய நெயில் பாலிஷுக்கு அது அண்ணன் முறை என்று சொல்லலாம். நம்மூர் பெரியவர்கள் சிலர் இன்னமும் நெயில் பாலிஷை 'கியூடெக்ஸ்' என்பார்கள். அது ஒரு அமெரிக்க பிராண்டின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி, பிராண்ட் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது.

நெயில் பாலிஷ் 'காய்வது' என்றால் அந்தக் கரைப்பான் காற்றில் ஆவியாகிப் போவது, அவ்வளவுதான். வேறு ரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. இது புரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

ஃபேன் ஏன் எதிரி?

சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்கு நேராகக் கையை நீட்டுவோம். காற்று பட்டதும் மேல் பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து ஆடை கட்டிவிடும், பால் மேல் ஏடு படிவது போல. அடியில் இருக்கும் கரைப்பானுக்கு வெளியேற வழி இல்லை. அது முட்டிக்கொண்டு மேலே வரும் இடம்தான் குமிழ். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், லேசாக அழுத்தினால் பள்ளம் விழும்.

தடிமனாக ஒரே கோட்டிங் அடித்தாலும் இதே கதைதான். ஃபேன் இல்லாவிட்டாலும் மேல் பக்கம் முந்திக்கொள்ளும். அதனால்தான் கெட்டியாக ஒன்று போடுவதை விட மெல்லிசாக இரண்டு, தேவைப்பட்டால் மூன்று என்பது பார்லர்களில் பாலபாடம். முதல் கோட்டிங் திட்டுத் திட்டாக, நகம் தெரிகிற மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறி அதன் மேலேயே மறுபடி மறுபடி இழுக்க வேண்டாம். பாதி காய்ந்த பூச்சை பிரஷ் உரித்துக்கொண்டு வரும். இரண்டாவது கோட்டிங் அந்தத் திட்டுகளை மூடிவிடும்.

ஏப்ரல், மே வெயிலில் இன்னொரு சிக்கல். அறை சூடாக இருந்தால் பிரஷ் நகத்தில் ஓடும்போதே பூச்சு காய ஆரம்பித்துவிடும், கோடு விழும். அதிகாலையோ, வெயில் இறங்கிய பிறகோ உட்கார்வது நல்லது. பூசும்போதும், ஒவ்வொரு கோட்டிங்குக்குப் பிறகு 2, 3 நிமிடமும் ஃபேன் ஓடக் கூடாது. மே மாதம் ஃபேன் இல்லாமல் உட்காருவது லேசான காரியமில்லைதான். ஆனாலும் மொத்தமே பத்து, பதினைந்து நிமிடம்தான்.

நகத்தில் எண்ணெய், நகத்தில் தண்ணீர்

காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, அப்புறம் சமையல் செய்த கை. கழுவினாலும் நகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசை இருக்கும். அதன் மேல் பூசினால் ஒட்டாது, மூன்றாம் நாள் ஓரத்தில் இருந்து உரிந்து வரும். பழைய பாலிஷ் இல்லாவிட்டாலும்கூட, பூசுவதற்கு முன் ரிமூவர் நனைத்த பஞ்சால் நகத்தை ஒருமுறை துடைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் விஷயம் பலருக்குத் தெரியாது. நகம் தண்ணீரை உறிஞ்சும். குளித்ததும், பாத்திரம் கழுவியதும், துணி துவைத்ததும் நகம் மெத்தென்று இருப்பதைக் கவனித்திருக்கலாம். அப்போது அது கொஞ்சம் உப்பியிருக்கும். அந்த நிலையில் பூசினால், பிறகு நகம் காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்கும்போது மேலே இருக்கும் படலம் விலகி, வெடிப்பு விடும். கை நனைந்த வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது போகட்டும்.

ஆனால் நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலை, பார்லரில் க்யூட்டிகிள் என்பார்களே, அதைச் சரிசெய்யக் குளித்த உடனேதான் நேரம். ஈரத்தில் இளகியிருக்கும்போது துண்டால் லேசாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். வெட்டக் கூடாது. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கிருமி நுழையாமல் அடைத்து நிற்பது அந்தத் தோல்தான். அதை வெட்டி நகச்சுத்தி வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

நகத்தை அராவும்போது ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி ஏடு ஏடாகப் பிரியும்.

இனி பூசலாம்

பாட்டிலைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் உள்ளே காற்று கலந்து, அந்தக் குமிழ்கள் நேராக நகத்துக்கே வந்து சேரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, பம்பரத்துக்குக் கயிறு திரிப்பது போல மெதுவாக உருட்டினால் நிறம் கலந்துவிடும். சில பாட்டில்களில் 'டக் டக்' என்று கேட்கும் குண்டுமணி இருப்பதும் இந்தக் கலக்கலுக்குத்தான்.

முதலில் பேஸ் கோட். நிறமற்ற இந்தப் பூச்சை நம்ம ஊரில் வீண் செலவு என்று விட்டுவிடுவார்கள். அடர் சிவப்பு, மெரூன் போடுகிறவர்கள் மட்டுமாவது விடாமல் இருந்தால் நல்லது. நிறமி நகத்தில் இறங்கி மஞ்சளாகக் கறை பிடிப்பதை இது தடுக்கும். நகத்தில் நெடுக்காக வரி வரியாக மேடு இருந்தால் 'ரிட்ஜ் ஃபில்லர்' என்ற பேஸ் கோட் அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்கும்.

பிரஷை வெளியே எடுக்கும்போது ஒரு பக்கத்தை பாட்டிலின் கழுத்தில் வழித்துவிட்டு, மறு பக்கத்தில் ஒரு சிறிய சொட்டு மட்டும் இருக்கும்படி எடுக்க வேண்டும். அந்தச் சொட்டை நகத்தின் நடுவில், தோலில் இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பிரஷை லேசாக அழுத்தித் தோல் பக்கம் நகர்த்தினால் முடி விசிறி மாதிரி விரியும். தோலைத் தொடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, அங்கிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. பிறகு இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. மூன்று இழுப்போடு கையை எடுத்துவிட வேண்டும். தோலில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பூச்சு முதலில் தூக்கிக்கொள்ளும், காயும் முன்பே ரிமூவர் நனைத்த குச்சியால் துடைத்து விடலாம்.

வலது கைக்குப் போடும்போது நடுங்குகிறதா? எல்லோருக்கும் நடுங்கும். முழங்கை, மணிக்கட்டு இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டு, பிரஷுக்குப் பதிலாக விரலைத் திருப்பிக் கொடுத்தால் கை நிற்கும்.

அடுத்தது நுனி. நகத்தின் முனை விளிம்பிலும் பிரஷை ஒருமுறை ஓட்டி மூடிவிட வேண்டும். மல்லாட்டை உரிக்கிற, கோலம் போடுகிற, சோறு பிசைந்து சாப்பிடுகிற கை நம் கை. பூச்சு முதலில் தேய்வது நுனியில்தான். இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் இரண்டே நாளில் தெரியும்.

கடைசியில் டாப் கோட். மினுமினுப்பைத் தருவதும், சின்னச் சின்ன மேடு பள்ளத்தை மட்டம் தட்டுவதும் இதன் வேலை. வெளிர் நிறம் போட்டவர்கள் குழம்புச் சாதம் சாப்பிட்டால் மஞ்சள் கறை பிடிக்கும் என்பதையும் சேர்த்து யோசித்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஆனால் உள்வரை இறுக இன்னும் பல மணி நேரம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் போர்வைத் தடம் விழத்தான் செய்யும். மாலையிலேயே போட்டுவிடுங்கள். ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் மேல் பக்கம் கொஞ்சம் இறுகும், அடி காய்ந்துவிட்டதாக நம்பிவிடக் கூடாது.

கெட்டியான பாட்டிலில் எதை ஊற்றுவது?

பாதி தீர்ந்த பாட்டில் தேன் மாதிரி இழுக்க ஆரம்பிக்கும். உடனே எல்லோர் கையும் போவது ரிமூவருக்குத்தான். அது செய்யக் கூடாத வேலை. பல ரிமூவர்களில் இருப்பது அசிட்டோன். அது மிக வேகமாக ஆவியாகும். அப்படிப் போகும்போது பூச்சின் மேற்பரப்பைச் சட்டென்று குளிர வைக்கும், காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படியும், பளபளப்பு போய்ப் பால் ஊற்றிய மாதிரி வெளிறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இது கூடுதலாகத் தெரியும். மர பாலிஷ் போடுகிறவர்கள் மழை நாளில் என்.சி. லேக்கர் அடிக்கத் தயங்குவதும் இதே காரணத்தால்தான்.

ஹார்டுவேர் கடை தின்னரும் வேண்டாம். அதில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும், விரலில் பூசிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறது. இரண்டு, மூன்று சொட்டு விட்டு உருட்டினால் போதும். அதற்கும் இளகவில்லை என்றால் பாட்டிலுக்கு விடை கொடுத்துவிடலாம். மூடுவதற்கு முன் பாட்டில் கழுத்தைத் துடைத்து இறுக்கி மூடி, ஜன்னல் வெயில் படாத இடத்தில் நிற்க வைத்தாலே பாதி பாட்டில்கள் கெட்டியாகாது.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களுக்கு 2020-ஆம் ஆண்டின் காஸ்மெடிக்ஸ் விதிகள் இருக்கின்றன. எதுவுமே அச்சிடாத பாட்டில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கொசுவர்த்தி பக்கத்தில் வேண்டாம்

நெயில் பாலிஷும் ரிமூவரும் எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள். ஆவியே பற்றிக்கொள்ளும். சாயங்காலம் கொசுவர்த்தி ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பூசுவது ஆபத்து. அடுப்படி, சாமி விளக்கு பக்கமும் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். ரிமூவர் பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, அசிட்டோன் சிந்தினால் சில பிளாஸ்டிக் பொருள்கள் இளகிப்போகும் என்பதால் டிவி ரிமோட்டும் கண்ணாடி ஃபிரேமும் தள்ளியே இருக்கட்டும்.

ஜெல் பாலிஷ் வேற கதை

ஆன்லைனில் விளக்கோடு சேர்த்து விற்கும் ஜெல் பாலிஷ் ஆவியாகிக் காய்வதில்லை. யூவி வெளிச்சம் பட்டு ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம் என்றும், அந்த ஒவ்வாமை பிற்காலத்தில் பல் சிகிச்சை போன்றவற்றில் சிக்கலாகலாம் என்றும் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் எச்சரித்திருக்கிறது. சில ஜெல்களில் இருந்த டி.பி.ஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. இந்தத் தடைக்கும் சாதாரண நெயில் பாலிஷுக்கும் சம்பந்தம் இல்லை.

எப்போது அழித்துவிட வேண்டும்?

ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் நெயில் பாலிஷை அழித்துவிட்டு வரச் சொல்வார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சென்னை ஆஸ்பத்திரியானாலும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றுதான். அது நகத்தின் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. கறுப்பு, நீலம் போன்ற அடர் நிறங்கள் அந்தக் கணக்கைத் தடுமாற வைக்கலாம். பிரசவ தேதி நெருங்கியவர்கள் கை விரல்களைச் சும்மா விட்டுவிடுவது நல்லது.

வருஷம் முழுக்க இடைவெளியே இல்லாமல் பூசுகிறவர்கள், ஒருமுறை அழித்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் நகத்தைப் பாருங்கள். கரண்டி மாதிரி நடுவில் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நகத்தில் குறுக்காகப் பள்ளம், பச்சை நிறம், நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்வது, ஒரே விரலில் புதிதாக வந்த கறுப்புக் கோடு, இதில் எது இருந்தாலும் மேலே பூசி மறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அழிக்கும்போது சுரண்ட வேண்டாம், நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்துவிடும். ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் பத்து விநாடி அழுத்தி வைத்து, நுனி பக்கமாக ஒரே இழுப்பில் எடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். முன்னால் எதிரியாக இருந்த அதே எண்ணெய், இப்போது அசிட்டோன் உலர்த்திய நகத்துக்குத் தேவை.