ஒலியை வெட்டி ஒட்டிய காலம்

1931-இல் பம்பாயில் எச். எம். ரெட்டி 'காளிதாஸ்' படத்தை எடுத்த நாளில், நடிகர் பேசுவதும் பாடுவதும் அந்தக் கணத்திலேயே பதிவாக வேண்டியிருந்ததால், ஒலிப்பதிவு என்னும் வித்தையைக் கற்க விழைந்த நம் இளைஞனுக்கு ஸ்டூடியோவே பாடசாலையாக இருந்தது. மைக்கை எவ்வளவு சமீபத்தில் தொங்கவிட்டால் குரல் தெளியும், எவ்வளவு தாழ்த்தினால் அதன் நிழல் காட்சியில் விழும் என்பதையெல்லாம் மூத்தவர் அருகில் நின்றே அவன் கிரகித்துக்கொண்டான்.

தொகுப்பு வேலையோ இன்னும் சூட்சுமமானது. 35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத்தில் ஒளிரேகையாகப் பதிந்த சப்தத்தை வெட்டி ஒட்டினால், ஒட்டிய இடம் ஒலிபெருக்கியில் 'டப்'பென்று வெடிக்கும்; அதை அடக்க, அவ்விடத்தில் கறுப்பு மையை முக்கோணமாகத் தீட்டுவார்கள். அந்த முக்கோணத்தின் சரிவு பிசகினால், மையே ஒரு புதிய சப்தத்தை எழுப்பிவிடும். மேலும், புரொஜக்டரில் ஒலியைப் படிக்கும் பகுதி படம் விழும் வாயிலுக்குக் கீழே அமைந்திருப்பதால், பிரதியில் சப்தம் தனக்குரிய படத்துக்குச் சுமார் 20 சட்டங்கள் முன்னதாகவே இடம்பெற வேண்டும். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் பிலிமில், சில சட்டங்கள் தவறினாலே உதடும் சொல்லும் பிரிந்துபோகும்.

1944-இல் ஏ.வி. மெய்யப்பன் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் பொருத்தி வெளியிட்டது, இக்கலைஞர்களின் செவிக்கு நேர்ந்த மகத்தான பரீட்சை என்பேன். மறு ஆண்டில் சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவோடு ஒலிப்பொறியியலும் பாடமாயிற்று.