ஆனை விலை, குதிரை விலை

என் அக்கா பையன் கும்பகோணத்தில் பிறந்து, திருச்சியில் இன்ஜினீயரிங் முடித்து, இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். போன வாரம் போன் செய்தான்.

"மாமா, கார் வாங்கப் போறேன்."

"வாங்கேன்டா. அம்மா வந்தா உட்கார்ந்து போற மாதிரி பெரிசா வாங்கு."

"இல்ல மாமா, இது ரெண்டு கதவு. ஸ்போர்ட்ஸ் கூபே. இன்ஜின் முன்னாடி, ஆனா பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும். ஓட்டுற சுகமே தனி."

இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று டொயோட்டா ஜி.ஆர். 86. 228 குதிரைசக்தி. 2022-ம் வருஷ மாடலாக வந்தபோது விலை சுமார் 28,000 டாலர். இன்னொன்று ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 480 குதிரைசக்தி. 2024 மாடல் சுமார் 42,000 டாலர்.

நான் பி.காம். படித்தவன். விலையைச் சொன்னால் கை தானாக வகுக்க ஆரம்பித்துவிடும். டொயோட்டாவில் ஒரு குதிரை 123 டாலர். மஸ்டாங்கில் 88 டாலர்தான்.

"பார்த்தீங்களா? குதிரைக்கு 35 டாலர் மிச்சம்!" என்றான் பையன்.

"35 டாலர் மிச்சம் பிடிக்க 14,000 டாலர் கூடக் கொடுக்கப் போறியா?"

"கையிலேருந்து ஒண்ணும் போகாது மாமா. எல்லாம் மாசத் தவணைதான்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்ததில் ஞாபகம் வந்தது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பாரசீகப் புத்தகத்தில்!

* * *

விலை அதிகமாக இருந்தால் "ஆனை விலை, குதிரை விலை சொல்றான்" என்கிறோம். யானை சரி. நம்ம ஊர்க் காட்டில் பிடித்துப் பழக்கிய மிருகம். குதிரை ஏன் அந்த வரிசையில் நின்றது?

அதற்கு முன் குதிரைசக்தி கதையைச் சொல்லிவிடுகிறேன். 1780-களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினை ஆலை முதலாளிகளிடம் விற்கப் போனார். அவர்களோ குதிரைகளைச் செக்குமாடு மாதிரி சுற்றவிட்டு ஆலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்க மிஷின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குப் புரிந்த கேள்வி. வாட் கணக்குப் போட்டார். 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்தில் ஓர் அடி தூக்கினால், அது ஒரு குதிரை. இத்தனை குதிரைக்கு வருஷத்துக்கு இவ்வளவு ராயல்டி என்று வசூலும் செய்தார். ஆக, குதிரைசக்தி பிறந்ததே வியாபாரத்தில், விலை பேசுவதற்காகத்தான்.

நம் ஊரில் நிஜக் குதிரைக்கே அந்தப் பேரம் நடந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய சரக்குகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்தும்போது, கடல்வழி வந்த குதிரைகளைத்தான் முதலில் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் படை வருகிறது. பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். தாராசுரத்தில் மண்டபத்தையே தேராக்கி, கல் குதிரைகளைப் பூட்டியிருக்கிறார்கள்.

இத்தனை ஆசை இருந்தும் குதிரையை இங்கேயே ஏன் வளர்க்கவில்லை?

டெல்டாவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். குதிரைக்குக் காய்ந்த தரையும் பரந்த புல்வெளியும் வேண்டும். இங்கே வருஷத்தில் பாதி நாள் கணுக்காலளவு தண்ணீர். வாய்க்கால் பாயும் நிலமெல்லாம் நெல். ஒரு வேலி நிலத்தைப் புல்லுக்கு விட்டால் ஒரு வேலி நெல் போச்சு. எந்த மிராசுதார் சம்மதிப்பார்? போதாததற்கு வெக்கை, புழுக்கம். நெல்லை விளைவித்து, அதில் வரும் காசில் குதிரையை வாங்குவதுதான் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். இது தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது.

* * *

13-ம் நூற்றாண்டில் சோழர் சாய்ந்து பாண்டியர் நிமிர்ந்தார்கள். 1279-க்குப் பிறகு சோழ மன்னரே இல்லை. காவிரிக் கழனியெல்லாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கைக்கு வந்துவிட்டது. அரபு வணிகர்கள் இந்தக் கடற்கரைக்கு வைத்த பேர் மாபார்.

1290-களில் இங்கே வந்து போன மார்கோ போலோ ஆச்சரியப்பட்டு எழுதுகிறார்: மன்னர் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு அதே அளவு வாங்குகிறார்கள். ஒரு குதிரையின் விலை 500 சாஜி பொன். ஒரு சாஜி என்பது ஓர் அவுன்ஸில் ஆறில் ஒரு பங்கு. பெருக்கினால் இரண்டு கிலோ தங்கத்துக்கு மேல்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்லும் விலை குறைவு. குதிரைக்கு 220 தினார். ஒரு தினார் நாலே கால் கிராம் என்று வைத்தால் 935 கிராம். நம்ம பாஷையில் 117 சவரன். சரி, குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்றைய தங்க விலையால் பெருக்கிப் பாருங்கள். மஸ்டாங் சல்லிசு என்று தோன்றும்.

விலையை விட எனக்குச் சுவாரஸ்யம், வஸ்ஸாஃப் எழுதியிருக்கும் ஒப்பந்த ஷரத்துதான். பாரசீக வளைகுடாவில் கிஷ் என்று ஒரு தீவு. அங்கே ஜமாலுத்தீன் என்ற பெரும் வணிகர். வருஷா வருஷம் தன் சொந்த லாயத்திலிருந்து மட்டும் 1,400 குதிரைகளை அவர் மாபாருக்கு அனுப்ப வேண்டும். வழியில் கப்பலில் குதிரைக்குக் காயம் பட்டாலோ, செத்தே போனாலோ, விலையை அரசாங்கம் கொடுத்துவிட வேண்டும்.

அதாவது சரக்கு வந்தாலும் பணம், வராவிட்டாலும் பணம். காலேஜில் எனக்கு ஒப்பந்தச் சட்டம் நடத்திய வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் சாக்பீஸைக் கீழே போட்டிருப்பார்.

இப்படி ஒரு ஷரத்துக்கு யார் சம்மதித்தார்கள்? அதே புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது. பாண்டிய நாட்டில் மன்னருக்கு மந்திரியாக, ஆலோசகராக, காயல் உள்ளிட்ட துறைமுகங்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் தகியுத்தீன். இவர், குதிரை விற்ற ஜமாலுத்தீனின் தம்பி! விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் தம்பி. இந்த ஷரத்து அவர் எழுதியதுதான் என்று வஸ்ஸாஃப் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் எந்த ஆடிட்டரும் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார்.

* * *

வாங்கிய குதிரைகள் என்னவாயின? வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்கோ போலோ. மன்னரிடம் லாடம் அடிக்க ஆளில்லை, குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர் இல்லை. வணிகர்கள் குதிரையைத்தான் கொண்டுவந்தார்கள். வைத்தியரைக் கூட்டி வரவில்லை, வருவதாக இருந்தவர்களையும் வரவிடவில்லை. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் எப்படி நடக்கும்?

தீனி அதைவிட மோசம். இறைச்சி சேர்த்து வேகவைத்த சோறு போட்டார்கள் என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். வீட்டுக்கு வந்த சம்பந்திக்குப் போடுகிற மாதிரி! பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது சம்பந்தி இல்லையே, குதிரை. நல்ல ஜாதிக் குதிரைக்குப் பிறந்த குட்டி கூட இங்கே கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போனது என்றும் போலோ குறிக்கிறார்.

எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஏன் யாரும் நிறுத்தவில்லை?

இங்கேதான் என் அக்கா பையனின் வாக்கியம் வருகிறது. குலசேகரனுக்கு முந்தைய தலைமுறையிலேயே மாபார், காம்பே முதலான துறைமுகங்களுக்கு வருஷத்துக்கு 10,000 குதிரைகள், 22 லட்சம் தினாருக்குப் போயின என்கிறார் வஸ்ஸாஃப். ஒன்பது டன் தங்கத்துக்கு மேல். அலங்காரமாக எழுதுகிற ஆள், கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர் சொல்வது கவனிக்க வேண்டியது. அந்தப் பணம் கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்தும், தேவரடியார்கள் மீதான வரியிலிருந்தும் வந்ததாம். அரசாங்கக் கஜானாவிலிருந்து ஒன்றும் போகவில்லையாம்!

கோயில் நிலம் என்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். ஊருக்கு ஊர் தேவதானம். அதில் சேற்றில் இறங்கி நட்டவர், அறுத்தவர், மேல்வாரம் அளந்தவர் பலர் அரபுக் குதிரையைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள். செத்தாலும் விற்றவருக்கு நஷ்டமில்லை. வாங்கியவர் கைப்பணமும் இல்லை. முடிவு எடுத்தவர்கள் யாருக்கும் வலிக்கவில்லை. வலித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குதிரை ஆனை விலை போனதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

* * *

மக்கள் இதைக் கவனிக்காமல் இல்லை என்பது என் ஊகம். பழைய தஞ்சை ஜில்லாவில் இருந்து, 1974-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போன ஆவுடையார்கோயில்தான் அந்தக் காலத் திருப்பெருந்துறை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை, மந்திரி திருவாதவூரர் அங்கே கோயிலுக்குச் செலவிட்டார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரியில் அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த குதிரைகளையும் கடித்துப் போட்டன. மாணிக்கவாசகர் கதை பக்திக் கதை. அதே சமயம், துறைமுகத்தில் ஆனை விலை கொடுத்து வாங்கியது லாயத்தில் விடிவதற்குள் ஒன்றுமில்லாமல் போவதைப் பார்த்த ஊரின் கதையும்கூட.

நிஜத்தில் நரிகள் வடக்கிலிருந்து வந்தன. தந்தையைக் கொன்ற சுந்தர பாண்டியனும் தம்பி வீர பாண்டியனும் அடித்துக்கொண்டிருந்த நேரம். 1311-ல் மாலிக் கபூரின் படை நுழைந்தது. திரும்பும்போது 512 யானை, 5,000 குதிரை கொண்டுபோனதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். பரணி கணக்கில் 612 யானை, 20,000 குதிரை. எது சரியானாலும், உயிரோடு மிஞ்சியிருந்த குதிரைகளும் டெல்லிக்கு நடந்துவிட்டன.

பாடம் கற்றார்களா? 15-ம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மர், ஆயிரம் பர்தாவோ பொன்னுக்கு மூன்று குதிரை என்று வாங்கினார். உயிரோடு வந்தாலும் சரி, செத்தாலும் சரி. கடலில் செத்ததற்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை! சொல்பவர் நூனிஸ், தானே குதிரை வியாபாரம் செய்த போர்த்துக்கீசியர்.

பிற்பாடு வந்த ராயர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்கி, உயர்ந்த ரகத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு, நாட்டுக் குதிரைகளை ஆயிரம் பர்தாவோவுக்கு ஐந்து என்று தங்கள் தளபதிகள் தலையில் கட்டினார்கள். செப்டம்பருக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தில் அரபுக் குதிரைக்கு பாக்கி தீர்ந்தது. இப்படியாகக் கஜானாவிலிருந்து ஒன்றும் போகவில்லை என்று முடிக்கிறார் நூனிஸ். வஸ்ஸாஃப் எழுதிய அதே வாக்கியம்! தளபதிகள் யாரிடம் வசூலித்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாய்கிற கல் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு எத்தனை கலம் நெல் ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

டெல்டாவில் கடைசிவரை கட்டுப்படியான குதிரை ஒன்றே ஒன்று. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை. கூடும் துணியும் இடுப்பில், கட்டைக்கால் கீழே. கொள்ளு வேண்டாம், லாடம் வேண்டாம். வியர்வை முழுக்க ஆடுபவருடையது.

இதையெல்லாம் அக்கா பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப கார் வாங்க வேணாங்கிறீங்களா மாமா?"

"வாங்குடா. ஆனா தவணையை மறந்துட்டு, முழுப் பணத்தையும் உன் கையால எண்ணிக் கொடுக்கிறதா நினைச்சுக்கோ. பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் சேர்த்து எண்ணு. அதுக்கப்புறமும் 480 குதிரை வேணும்னு தோணினா வாங்கு."

நாலு நாள் பேச்சில்லை. நேற்று போன் வந்தது.

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு 86 பார்த்து வச்சிருக்கேன் மாமா. 228 குதிரைக்குத் தீனி போட்டாப் போதும்னு முடிவு பண்ணிட்டேன்."