கத்தியின் கூருக்கு யார் பொறுப்பு? கேமரன் மலைத் தேயிலையும் அரசின் உலோக ஆய்வும்

மலேசியாவின் கேமரன் மலைச் சரிவுகளில் இன்று கொழுந்து பெரும்பாலும் இரும்பு விளிம்பால் அறுபடுகிறது. செங்குத்தான இடங்களில் தட்டு பொருத்திய கத்தரி. சரிவு குறைந்த இடங்களில், நிரையின் இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தும் மோட்டார் இயந்திரம். அந்த இயந்திரத்தின் வெட்டும் பகுதி எளிமையானது: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பல் அலகுகள், எதிரெதிராக முன்னும் பின்னும் ஓடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சிறிது கூடினாலே போதும், காம்பு அறுபடாமல் மடங்கும், நசுங்கும், பிறகு பிய்ந்து வரும். நசுங்கிய இடத்தில் சாறு கசிந்து காற்றுப்படுகிறது. தேயிலையைக் கருக்கவைக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி ஆலைக்குப் போகும்வரை காத்திருப்பதில்லை. மூட்டைக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வாட்டும் தொட்டியில் கொட்டும்போது சில இலைகளின் ஓரம் ஏற்கெனவே செம்பழுப்பாக இருக்கும். அதற்குப் பிறகு உருட்டலிலும் நொதித்தலிலும் எவ்வளவு கவனம் காட்டினாலும் அந்த ஓரங்களை மீட்க முடியாது.

ஆக, ஒரு கோப்பைத் தேநீரின் தரம் ஓர் எஃகு விளிம்பின் வடிவத்தில் தொடங்குகிறது. அந்த விளிம்பின் உலோகம், கோணம், தேய்மானம் ஆகியவற்றை ஆராயும் பொறுப்பு யாருடையது? உற்பத்தியாளர் விற்கிறார், தோட்டம் வாங்குகிறது, பட்டறை சாணை பிடிக்கிறது. இம்மூவருக்கும் நடுவே அளந்து பதிவு செய்யும் ஒரு பொது நிறுவனம் தேவை, அது அரசின் கடமை என்பதே இக்கட்டுரையின் வாதம். புதிய இயந்திரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசிடம் நான் கேட்கவில்லை. தேயிலையின் வரலாறு அப்படிக் கேட்க இடம் தருவதும் இல்லை.

அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்க்கலாம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தை 1930இல் உருவாக்கியவர் வில்லியம் மெக்கெர்ச்சர். அஸ்ஸாமின் அம்கூரி தோட்டத்தில் அது பிறந்தது, ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல. இலையைத் தொடர்ந்து அரைத்துத் தள்ளும் ரோட்டர்வேன் 1950களின் பிற்பகுதியில் அதே அஸ்ஸாமின் டோக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் மெக்டியர் என்பவர் வடிவமைத்தது. 1911இல் தோன்றிய அந்த நிலையத்தை நடத்தியது தோட்ட முதலாளிகளின் சங்கம். அரசு ஆராய்ச்சியின் பணம் பெரிய அளவில் உள்ளே வந்தது பின்னாளில்தான். இலங்கையிலோ நிலைமை வேறு. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், தலவாக்கலையிலிருந்து, உயர்ந்து எழுந்த கொழுந்தை மட்டும் வெட்டி இளம் முளையை விட்டுவைக்கும் தெரிவுக் கத்தரி ஒன்றை உருவாக்கியது. கைக்கருவிதானே என்று அதைச் சிறியதாக எண்ண வேண்டாம். எந்த உயரத்தில் வெட்டினால் அடுத்த சுற்றுக் கொழுந்து கெடாது என்ற தாவரவியல் கணக்கு அந்த உலோகத்தின் வடிவத்துக்குள் ஏறியிருக்கிறது. வணிக நிறுவனம் எளிதில் செலவிட முன்வராத உழைப்பு அது.

சி.டி.சி. உருளையை அருகில் வைத்துப் பார்த்தால் அளவீட்டின் தேவை இன்னும் தெளிவாகும். இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று அளவில் மெதுவாக, மற்றது 700 சுற்று அளவில் விரைவாக. அவற்றின் மேல் வெட்டிய பற்கள் அங்குலத்துக்கு 8 அல்லது 10. பல் மழுங்கினால் இலை அறுபடாமல் அரைபடும்; துகள் தட்டையாகும், சூடேறும். எனவே உருளையைக் கழற்றிப் பல்லைத் திரும்ப வெட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் விட்டம் குறைகிறது. 8 அங்குல விட்டமுள்ள உருளை 700 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 447 மீட்டர். 7.5 அங்குலமாகத் தேய்ந்த பின் அது 419 மீட்டர். மோட்டாரின் சுற்று மாறவில்லை. இலை சந்திக்கும் வெட்டு மாறிவிட்டது. மேற்பார்வையாளர் அதை மணத்தாலும் நிறத்தாலும் உணர்வார், எண்ணாக அவர் கையில் இருப்பதில்லை.

உலோகமோ இன்னும் சிக்கலானது. உருளைக் கண்டங்கள் வழக்கமாக 304 வகைத் துருவேறா எஃகால் ஆனவை. இந்த எஃகு வேலை செய்யச் செய்யக் கடினமாகும் இயல்புடையது. வெட்டுக்கருவி நறுக்கென்று சீவாமல் உரசினால் மேற்பரப்பு இறுகி, அடுத்த சீவலை எதிர்க்கும். பொதுவாக இந்த எஃகைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனால் பற்களிலிருந்து உதிர்ந்து கடுமையாக நசுங்கிய எஃகுத் துகள்களில் படிக அமைப்பு ஓரளவு மாறி, லேசான காந்த ஈர்ப்பு உண்டாகிறது. ஆலையின் காந்தத் தட்டில் சேரும் துகள் ஒரு பங்கு மட்டுமே. பிடிபடாமல் போவது தூளோடு கலந்து பொட்டலத்துக்குள் போகிறது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேயிலையில் இரும்புத் துகளுக்கு கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்து, பின்னர் அதை 250 ஆக உயர்த்தியது. வரம்பை உயர்த்தியதால் துகள் குறைந்துவிடாது. அதைக் குறைப்பது பல்லின் வடிவம், உலோகத்தின் தேர்வு, சாணையின் முறை. இவை மூன்றும் ஆய்வுக்குரியவை, மூன்றிலும் பொதுப்பணம் செலவழிக்கத் தக்க காரணம் இருக்கிறது. அந்தத் துகளைக் குடிப்பவர் தோட்ட முதலாளி மட்டுமல்ல.

இப்போது கேமரன் மலை அமைந்த பகாங் மாநிலத்துக்குத் திரும்புவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளவிட்ட இந்த மலைநிலத்தில், 1920களில் தானா ராத்தாவில் வேளாண் துறையின் சோதனை நிலையம் உருவானது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலை இங்கே வளருமா என்ற கேள்வியை அரசு சோதித்தது. தோட்டத்தின் இரும்பு நன்றாக வெட்டுமா என்ற கேள்வி அந்தக் காலத்தில் பிரிட்டனின் இயந்திர ஆலைகளின் விற்பனைப் பட்டியலில் இருந்தது. இந்த நாட்டில் மற்றப் பயிர்களுக்கு உருவான அமைப்புகளைப் பாருங்கள்: ரப்பருக்கு 1920களிலிருந்தே தனி ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய்ப்பனைக்கு 1979இல் ஒரு நிறுவனம், கொக்கோவுக்கும் மிளகுக்கும் வாரியங்கள். தேயிலைக்குத் தனி வாரியம் இல்லை. எண்ணெய்ப்பனை வாரியம் பனைக்குலை வெட்ட ‘சந்தாஸ்’ என்ற மோட்டார் கத்தியை உருவாக்கியது. அரசு நிறுவனம் ஒன்று ஒரு பயிருக்காக உலோகக் கருவியில் உழைத்ததற்கு அது நல்ல சான்று. மலையில் விளையும் சிறு பயிருக்கு அந்த வாய்ப்பு ஏன் கிடைக்கக் கூடாது?

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அது வலுவானதுதான். தேயிலைப் பரப்பு சிறியது. கொழுந்தெடுக்கும் இயந்திரம் ஜப்பானிலிருந்து நன்றாகவே வருகிறது. சந்தை கவனித்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் அந்த இயந்திரங்கள் ஜப்பானில் பச்சைத் தேயிலைக்காக வளர்ந்த வடிவமைப்புகள். அங்கே பறித்த இலைக்கு விரைவில் ஆவி காட்டி நொதியை நிறுத்திவிடுவார்கள். ஓரத்தில் சிறு நசுங்கல் இருந்தாலும் நொதி நீண்ட நேரம் வேலை செய்வதில்லை. கருந்தேயிலைக்கு இலை மணிக்கணக்கில் வாடவேண்டும். ஓரத்தின் காயம் அந்த நேரம் முழுவதும் பரவும். அதே அலகு, இரண்டு தேநீருக்கு இரண்டு விதமான விலை வைக்கிறது. செங்குத்தான சரிவில் மண்ணும் மணலும் சேர்ந்து அலகைத் தேய்க்கும் வேகமும் சமநிலத்தைப் போலிருக்காது. விற்பனையாளரின் கையேட்டில் இதற்கு விடை தேடுவது நியாயமில்லை. அவர் உலகம் முழுவதற்கும் எழுதுகிறார்.

பணத்தைவிட முதலில் தேவைப்படுவது இணைப்பு. 1969இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டிக்குக் கேமரன் மலையிலேயே நிலையம் இருக்கிறது. 1975இல் உருவான சிரிம், உலோகச் சோதனையும் தரநிர்ணயமும் தெரிந்த நிறுவனம். ஷா ஆலமில் அமைந்திருக்கிறது. இலையை அறிந்தவர் ஒரு மலையில், எஃகை அறிந்தவர் ஒரு தொழில் நகரத்தில். இத்தகைய இணைப்புக்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூரில் நூற்பாலைகள் 1956இல் சிட்ரா என்ற ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியபோது ஆலைகளின் பங்களிப்பும் அரசின் உதவியும் ஒரே கூரையின்கீழ் வந்தன. 1962இல் உருவான பெங்களூருவின் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் வெட்டுக்கருவிகளை அளந்து, வடிவமைப்புக் கையேடு எழுதியது. இரண்டையும் அப்படியே பெயர்த்து நடச் சொல்லவில்லை. அளவீட்டுக்குரிய பொது இடம் ஒன்றைப் பயனாளிகளும் அரசும் சேர்ந்து நடத்தலாம் என்பதற்கு அவை சாட்சி.

பட்டறையில் நிற்பவரை இந்த ஆய்விலிருந்து விலக்கிவிடக் கூடாது என்றும் சொல்ல விரும்புகிறேன். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் தலைமுறைகளின் தொழிலறிவு வாய்மொழியாகவே கைமாறியது. அலகைக் காதருகே வைத்து ஒலியால் இடைவெளியைக் கணிப்பவரின் கையையும் அளவுகோலையும் ஒரே மேசையில் வைத்தால், அவர் சொல்வதும் எண்ணும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை முதல் மாதத்திலேயே அறியலாம். சாணை பிடித்த அலகின் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்து, அந்த வாரம் உதிர்ந்த தூளைச் சேர்த்து, காந்தம் ஈர்ப்பது தனி, ஈர்க்காதது தனி என்று பிரித்து எடைபோட்டு, தேதியும் நிரை எண்ணும் அலகின் எண்ணும் எழுதி வைப்பதிலிருந்து அந்த ஆய்வைத் தொடங்கலாம்.