கப்பலில் வந்த மாயாவி

எங்கள் ஊரில் ஒரு கதையின் அடியில் 'தொடரும்' என்று போட்டிருந்தால், அது வாசகனுக்குக் கொடுத்த வாக்கு இல்லை, கப்பலுக்குப் போட்ட மனு. சென்னைக்கும் அந்தமானில் எங்கள் போர்ட் பிளேருக்கும் நடுவே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல். வானிலை சரியாக இருந்தால் மூன்று நாளில் ஹடோ துறையில் கப்பல் கட்டும். இல்லாவிட்டால், வரும்போது வரும். வெங்காயம், சிமெண்ட், கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, எல்லாம் அப்படி வந்தவைதான். இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான் வந்தான்.

(2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். கை பழக்கத்தில் நான் பழைய பெயரையே எழுதுகிறேன்.)

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பிரௌசரில் ஓடும் சின்னச் சின்னப் புதிர் விளையாட்டுகள் செய்கிறேன், காமிக்ஸ் வரைகிறேன். இதைத் தொழில் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சோறு போடுவது கல்யாண ஆல்பம் டிசைன். ஆனாலும் இந்த இரண்டும் எப்படி என்னிடம் ஒட்டிக்கொண்டன என்று பின்னோக்கிப் போனால், ஊருக்குள் வந்து சேராத பாகங்களின் வரலாறு ஒன்று கிடைக்கிறது.

சிவகாசியில் 1972இல் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேலுக்கு வலது கை போய் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். லண்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962இல் தொடங்கிய கதை. நெடுங்காலம் அதை வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். ஸ்பெயின்காரர் கோடு, லண்டன் கதை, சிவகாசி அச்சு. அதைப் படித்தவன் டெலானிப்பூரில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்த பயல்.

எங்களுக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான். போர்ட் பிளேரில் அன்றைக்கு மின்சாரம் முழுக்க டீசலில். டீசலும் கப்பலில்தான் வரவேண்டும். நாளுக்கு எத்தனை முறை போகும் என்று கணக்கே கிடையாது. கிராண்டேல் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் எதிரி முன்னால் பிளக்கில் விரலை விட்டுக்கொண்டு, கரண்ட் வரட்டும் என்று நின்றிருப்பான்.

அடுத்தது 1984. அந்த ஒரே ஆண்டில் சிவகாசியில் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. இதில் ஒரு குழப்பம். காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடிக்காரரை முத்து காமிக்ஸ் 'வேதாளர்' என்றது, ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்றது. அட்டையில் 'மாயாவி' என்று பார்த்து இரும்புக் கையைத் தேடி ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் இல்லை.

எங்கள் தெருமுனையில் அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருந்தார். காமிக்ஸ் கட்டு அவருக்கு மாதக் கணக்கில் சேர்ந்து வரும், வந்தாலும் வரிசையாக வராது. கப்பலின் அடித்தளத்தில் ஈரம் பட்டு நாலு புத்தகம் ஒன்றாக ஒட்டியிருக்கும். பிரித்தால் படத்தின் பாதி எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். "அண்ணாச்சி, இதுக்கு முந்தின பாகம் எங்க?" என்று கேட்பேன். "அது கடல்ல இருக்கு தம்பி" என்பார். உண்மையிலேயே கடலில் வருகிறதா, கடலில் விழுந்துவிட்டதா என்று விளக்கமாட்டார்.

லயன் வெளியிட்ட 'இரத்தப் படலம்' கையில் கிடைத்தபோதுதான் இந்தப் பஞ்சத்தின் சுகம் புரிந்தது. வான் ஆம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் கதை. நாயகனுக்கு நினைவு அழிந்துவிட்டது. தன் பெயர் தெரியாது, கழுத்தருகே பச்சை குத்திய ரோமன் எண் 13 மட்டும்தான் துப்பு. என்னிடம் இருந்தவை மூன்று பாகங்கள், அவையும் அடுத்தடுத்தவை இல்லை. அவனுக்கும் முன்கதை தெரியாது, எனக்கும் தெரியாது. அவனோடு அவ்வளவு நெருக்கமாக எந்த வாசகனும் இருந்திருக்க முடியாது. நடுவில் இல்லாத பாகங்களை நோட்டில் நானே வரைந்தேன். இந்த முகம் அந்தப் பக்கத்தில் எப்படி வந்தது, இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று இரண்டு முனையையும் கட்டவேண்டும். புதிர் போடுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நோட்டு சொல்லித்தந்தது.

இன்னொன்று மொழி. 2011 கணக்கெடுப்புப்படி இங்கே அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு சுமார் 15 பேர். வங்காளிகள் அதைப்போல ஏறத்தாழ இரட்டிப்பு. தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று மற்றவர்கள். தெருவில் எல்லோருக்கும் பொது இந்தி. ஆகவே காமிக்ஸை நடுவில் விரித்துவைத்து, தமிழை நான் படித்து இந்தியில் சொல்வேன். வங்காளி நண்பன் தன் நாகராஜ் காமிக்ஸ் கதையைப் பதிலுக்குச் சொல்வான். அவசரத்தில் வசனத்தை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டியே ஓட்டிவிடுவோம். பலூனில் இருப்பதைப் படிக்காமலே கதை நகர்ந்தால் ஓவியன் கெட்டிக்காரன் என்று அன்றே ஒரு அளவுகோல் வைத்திருந்தேன். அந்த அளவுகோலில் பிளாஸ்கோவுக்கு நூற்றுக்கு நூறு.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த மாமா உயிரோடு கிடைத்தார். அவரிடம் கொடுத்துவைத்திருந்த என் காமிக்ஸ் டிரங்குப் பெட்டி கிடைக்கவில்லை. ராணி காமிக்ஸ் அடுத்த வருஷம் நின்றுபோனது.

அதே 2005இல் போலந்தின் கடான்ஸ்க் நகரத்தில் மத்தேயுஷ் ஸ்குட்னிக் என்பவர் 'சப்மெஷின்' என்ற விளையாட்டின் முதல் பாகத்தை வெளியிட்டார். அடிப்படையில் அவர் காமிக்ஸ்காரர். 'ரெவலூட்ஸியே' என்ற தொடரின் ஓவியர். ஆள் ஒருவர், துணைக்கு ஃபிளாஷ் மென்பொருள். விளையாட்டில் பேச்சு இல்லை, சண்டை இல்லை, எதிரி இல்லை. ஒரு நிலவறை, அதிலிருந்து இன்னொரு அறை. குழாய், நெம்புகோல், சுவரில் ஒரு குறிப்புச் சீட்டு. யாரோ இருந்து போன இடம். 2015 வரை பத்துப் பாகங்கள் செய்தார். அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டுக்குப் பக்கத்து நெட் சென்டரில் அதைப் பார்த்த அன்று எனக்குப் புல்லரித்தது. நடுப்பாகம் தொலைந்த காமிக்ஸுக்குள் நானே நடந்துபோவது மாதிரி இருந்தது.

பார்த்தது என்னவோ அன்றுதான், ஆனால் அது திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொன்னால்தான் அந்தக் காலம் புரியும். எங்கள் இணையம் முழுக்க செயற்கைக்கோள் வழி. 1,350 கிலோமீட்டரில் இருக்கும் சென்னையைத் தொட, ஒவ்வொரு கிளிக்கும் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி அதே தூரம் இறங்கவேண்டும். ஊருக்கே பங்கிட்டுக்கொடுத்த அலைவரிசை வேறு. மழை பெய்தால் அதுவும் இல்லை. எங்களுக்கு வருஷத்தில் பாதி மழை. ஸ்குட்னிக் '10 க்னோம்ஸ்' என்று இன்னொரு வரிசை செய்திருந்தார். கடான்ஸ்கில் தானே எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்குள் பத்து நிமிஷத்தில் பத்துக் குள்ளர்களைக் கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் நெட் சென்டரில் அது திறப்பதற்கே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

ஆனாலும் திறந்தது என்றால் அது ஃபிளாஷின் புண்ணியம். படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்ற கணக்கை மட்டும் அனுப்பும். அம்மா ரங்கத் ஊரில் இருக்கும் அத்தைக்கு போனில் கோலம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "ஏழு புள்ளி அண்ணி, ஊடு புள்ளி, ஒன்னு வர்ற வரைக்கும். நடுவுல சுத்தி வளைச்சிடுங்க." இவ்வளவுதான் கம்பியில் போனது. மாவு அத்தை வீட்டிலேயே இருந்தது. ஃபிளாஷ் செய்ததும் இதைத்தான். இன்னொரு வசதி, கோப்பு ஒரு முறை முழுக்க இறங்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. பிரௌசரின் தற்காலிகக் கோப்புறைக்குள் புகுந்து அதை எடுத்து பென்டிரைவில் போட்டுக்கொள்வோம். எங்கள் தெருவில் சப்மெஷின் அப்படித்தான் பரவியது, கை மாறி, அண்ணாச்சி கடைக் காமிக்ஸ் மாதிரியே. ஐந்தாம் பாகம் இருந்தவனிடம் நான்காம் பாகம் இருக்காது.

நானும் ஃபிளாஷ் கற்றேன். என் முதல் விளையாட்டு ராஸ் தீவில் நடப்பது. வெள்ளைக்காரன் காலத்துத் தலைமையகம். 1941 ஜூனில் பூகம்பம், அடுத்த மார்ச்சில் ஜப்பானியர். பிறகு ஆலமரவகை மரங்கள் வேரால் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் செங்கல் சுவர்கள்தான் மிச்சம். தேவாலயம், ரொட்டிக் கிடங்கு, ஒரு அச்சகம். படகில் போய் போட்டோ எடுத்துவந்து அதன்மேல் கோடு போட்டேன். விளையாட்டில் எழுத்தே கிடையாது, என் வங்காளி நண்பனின் அம்மாவும் ஆடவேண்டும் என்பதற்காக. அச்சக அறையில் மீன், படகு, தென்னை என்று பிளாக்குகள் சிதறிக் கிடக்கும். தாளில் சரியாக விழவேண்டும் என்றால் அவற்றை இடவலம் மாற்றி அடுக்கவேண்டும். அம்மாள் அதை முதல் தடவையிலேயே போட்டுவிட்டார். கேட்டால், புடவைக்கு பிளாக் அச்சு போடுவதைப் பார்த்திருக்கிறாராம்.

பிறகு கேபிள் வந்தது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடக்கவிழா. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழை, செலவு 1,224 கோடி ரூபாய். எங்கள் ஊரோடு ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று மற்ற இடங்களையும் தொட்டது. அன்று ராத்திரி உட்கார்ந்து, பாதியில் விட்ட பாகங்களையெல்லாம் வரிசையாகத் திறந்தேன். சொடக்குப் போடும் நேரத்தில் வந்தன. வரிசையாக! முன்பாகம், பின்பாகம், எல்லாம்.

ஆனால் ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்திருந்தது. 2020 டிசம்பர் 31 கடைசி நாள். 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. உலகம் இருபது வருஷம் ஆடிய விளையாட்டுகளைத் தடங்கலில்லாமல் ஆட எங்கள் தீவுக்கு டிசம்பர் 31 வரை கிடைத்தது நான்கு மாதம், இருபத்தொரு நாள். ரோடு போட்டு முடித்த அன்று பஸ்ஸை நிறுத்தியது போல.

நல்லவர்கள் சிலர் பழைய கோப்புகளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஃபிளாஷ்பாயிண்ட் என்ற சேகரிப்பும், ரஃபிள் என்ற போலி இயக்கியும் இருக்கின்றன. ஸ்குட்னிக் தன் தொடரை 'சப்மெஷின் லெகசி' என்று 2023இல் புதிதாகச் செய்து வெளியிட்டார். நான் ராஸ் தீவை ஹெச்டிஎம்எல்லில் முதலிலிருந்து எழுதினேன். இப்போது எவ்வளவு பெரிய கோப்பு வேண்டுமானாலும் போடலாம். மனசு வரவில்லை. ஒரு படம் சேர்த்தால் இன்னொன்றை எடுத்துவிடுகிறேன்.

என் காமிக்ஸ் மட்டும் காகிதத்தில்தான். நாற்பத்தெட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை, வசனம் குறைவு. சிவகாசியில் அச்சடித்தால்தான் கட்டுப்படியாகிறது. கோப்பை இங்கிருந்து அனுப்ப மூன்று நிமிஷம் ஆனது. புத்தகக் கட்டு சென்னை துறைமுகம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வாம். அண்ணாச்சி மகன் கடையை இப்போது மொபைல் ரீசார்ஜ் கடையாக்கிவிட்டார். என் புத்தகத்துக்கு மட்டும் ஒரு கம்பி ஸ்டாண்ட் துடைத்து வைத்திருக்கிறார். கப்பல் நாளைக்கு வரும் என்கிறார்கள். நேற்றும் அதைத்தான் சொன்னார்கள்.