லிட்டர் தோன்றிய வரலாறு

விற்பவரும் வாங்குபவரும் ஒரே அளவை ஏற்றுக்கொண்டாலன்றி வாணிகத்தில் நேர்மை நிலைபெறாது. லிட்டர் என்னும் அளவு பிரெஞ்சு நாட்டில் தோன்றிய வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன்பு அந்நாட்டில் ஊருக்கு ஊரும் பொருளுக்குப் பொருளும் அளவு வேறுபட்டது. பாரிஸ் நகரில் தானியத்தைப் ‘புவாசோ’ என்னும் கலத்தாலும், மதுவைப் ‘பிண்ட்’ என்னும் கலத்தாலும் அளந்தனர். முன்னது ஏறத்தாழ 13 லிட்டர். பின்னது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நீர்மப் பொருள் கலத்தின் விளிம்போடு நின்றுவிடும். தானியமோ விளிம்புக்கு மேலும் குவியும். ஆதலால், தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்னும் வழக்கு ஓயாது எழுந்தது. உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகி, அதே கலம் மேலும் கொள்ளும். தானிய வரி தண்டிய நிலக்கிழார் சிலர் இவ்வுத்திகளைக் கையாண்டனர். உழவரின் களஞ்சியம் குறைந்தது. 1789இல் மக்கள் மன்னருக்கு எழுதிய குறைவிண்ணப்பங்கள் பலவற்றில், நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்னும் கோரிக்கை இடம்பெற்றது.

1795 ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு விடையளித்தது. மீட்டரின் பத்தில் ஒரு பங்கைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்தின் கொள்ளளவே லிட்டர் என்றும், அது நீர்மப் பொருளுக்கும் உலர்பொருளுக்கும் பொது என்றும் அச்சட்டம் வகுத்தது. மதுவுக்கும் கோதுமைக்கும் அளவு ஒன்றே ஆயிற்று.

எனினும், பழக்கம் எளிதில் மாறவில்லை. 1812இல் நெப்போலியன் ஆட்சி, பழைய பெயர்களைச் சில்லறை வாணிகத்தில் மீண்டும் அனுமதித்தது. 1840 தொடங்கியே மெட்ரிக் முறை முழுமையாகக் கட்டாயமாயிற்று. இம்முறையை முழுமையாக ஏற்காத அமெரிக்காவிலோ, நீர்மப் பைண்ட் ஏறத்தாழ 473 மில்லிலிட்டர் என்றும், உலர் பைண்ட் ஏறத்தாழ 551 மில்லிலிட்டர் என்றும் இருவேறு அளவுகள் இன்றும் உள்ளன.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசியை அளக்கக் கந்தாங் வழங்கியது. 4 சுப்பாக் கொண்ட அது, ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு காலனுக்கு, அதாவது ஏறத்தாழ 4.546 லிட்டருக்குச் சமமாக்கப்பட்டது. 1970களில் இரு நாடுகளும் மெட்ரிக் முறைக்கு மாறலாயின.

ஆயினும், மாணவர் ஒன்றை மனத்தில் இருத்தல் வேண்டும். கொள்ளளவு ஒன்றாயினும் நிறை ஒன்றாகாது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1 கிலோகிராம் நிற்கும்; ஒரு லிட்டர் அரிசி அதனினும் குறைவாகவே நிற்கும். அரிசியை எவ்வளவு இறுக்கினாலும், குவித்தாலும், அதன் நிறை மாறுவதில்லை. தானியத்தை அளப்பதைவிட நிறுப்பதே நேர்மைக்குத் துணை என்பதற்கு இதுவே காரணம். குவித்தளக்கும் கைக்கு முன் ஏமாந்து நின்ற உழவருக்கு, ஒரே லிட்டரும் துலாக்கோலும் சேர்ந்தே நீதி வழங்கின.