கண்ணாடியிழை வானூர்திகளும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

கண்ணாடியிழை வானூர்தி என்பது உடலும் இறக்கையும் கண்ணாடி இழைத் துணியாலும் பிசினாலும் செய்யப்பட்ட வானூர்தியாகும். தமிழ்நாட்டில் இப்பொருளுக்குப் பேச்சுவழக்கில் 'பைபர்' என்று பெயர். கடற்கரையில் படகாகவும் திரைப்பட அரங்குகளில் சிலையாகவும் பலர் இதனைப் பார்த்திருப்பர். வானூர்தியில் இதன் வரலாறு எண்பது ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்டது. அவ்வரலாற்றைப் புதிய வடிவமைப்புகளின் வரிசையாக மட்டும் பார்த்தால் பாதி விடுபட்டுப்போகும். உடைந்த இடத்தை மீண்டும் பழைய வலுவுக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்வியும் தொடக்கம் முதலே இப்பொருளுடன் சேர்ந்து வந்துள்ளது. இன்று தொலைக்கட்டுப்பாட்டில் பறக்கும் பெரிய மாதிரி வானூர்திகளைச் செப்பனிடுவோர் பின்பற்றும் விதிகள் அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளே.

தொடக்கம்

உருகிய கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் தொழில்முறை 1930களில் அமெரிக்காவில் உருவானது. கேம்ஸ் சிலேட்டர் என்ற பொறியாளர் இதில் முதன்மையானவர். 1938இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. அறை வெப்பத்திலேயே இறுகும் பாலியெஸ்டர் பிசின் கிடைத்த பின்னர் துணியும் பிசினும் இணைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளை மூடும் கூடுகளுக்கு இது பயன்பட்டது. உலோகம் ரேடார் அலைகளை மறிக்கும், கண்ணாடியிழை மறிக்காது என்பதே காரணம். 1944இல் வல்ட்டி பிடி-15 என்ற பயிற்சி வானூர்தியின் பின்னுடலைக் கண்ணாடியிழைத் தோலும் பால்சா மர உள்ளீடும் கொண்டு செய்து பறக்கவிட்டனர்.

ஆயினும் இப்பொருளைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டவர்கள் போர் வானூர்தி செய்தோர் அல்லர், இயந்திரமில்லாச் சறுக்கு வானூர்தி செய்தவர்களே. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஹெர்மன் நேகலே, ரிச்சர்ட் எப்ளர் ஆகியோர் வடிவமைத்த பீனிக்ஸ் 1957இல் பறந்தது. கண்ணாடியிழையால் செய்யப்பட்ட முதல் சறுக்கு வானூர்தி இதுவே. மரத்தாலும் துணியாலும் பெற முடியாத வழுவழுப்பான மேற்பரப்பு இதில் கிடைத்தது. எப்ளர் கணக்கிட்ட இறக்கைக் குறுக்குவெட்டு வடிவங்களை மாதிரி வானூர்தி செய்வோர் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

அச்சில்லா முறை

கண்ணாடியிழைப் பொருள் செய்யப் பொதுவாக அச்சு வேண்டும். ஒரே ஒரு வானூர்தி செய்ய விரும்புபவருக்கு அச்சின் செலவே தாங்காது. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் இதனை மாற்றினார். நுரைப் பாளத்தைச் சூடேற்றிய கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் நேரடியாகக் கண்ணாடித் துணியைப் பரப்பிப் பிசின் ஊட்டுவது அவரது முறை. 1975இல் வேரி-ஈசி, 1979இல் லாங்-ஈசி ஆகியவை இம்முறையில் பறந்தன. இவற்றின் வரைபடங்களை வாங்கிய பலர் வீட்டுக் கொட்டகையிலேயே வானூர்தி கட்டினர்.

இம்முறையில் எப்பாக்சிப் பிசினே பயன்பட்டது. பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன், பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும் என்பது இதற்கு ஒரு காரணம். வெள்ளை நுரையின்மீது படகுப் பிசினை ஊற்றி, கண்ணெதிரே அது குழியாவதைப் பார்த்தவர்கள் மாதிரி வானூர்தி வட்டாரங்களில் எக்காலத்திலும் இருப்பர்.

பெங்களூரும் ஓசூரும்

இந்தியாவில் கண்ணாடியிழை முதலில் விண்வெளித் துறையில் வேரூன்றியது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் மேல்நிலை எரிபொருள் கூடுகள் இழை வலுவூட்டிய நெகிழியால் ஆனவை. அவ்வேவூர்தி 1980 சூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

வானூர்தியில் திருப்பம் பெங்களூரில் நிகழ்ந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் ரஸ்தம் தமானியாவின் தலைமையில், தேசிய வானூர்தியியல் ஆய்வகம் 1980களில் ருட்டானின் லாங்-ஈசி வடிவமைப்பைத் தழுவி ஓர் இலகு ஆய்வு வானூர்தியை உருவாக்கியது. முன்பக்கம் சிறிய இறக்கையும் பின்பக்கம் உந்துசுழலியும் கொண்ட அது 1987இல் பறந்தது. அடுத்து அதே ஆய்வகத்தின் ஹன்சா என்ற ஈரிருக்கைப் பயிற்சி வானூர்தி 1993இல் பறந்தது, 2000இல் சான்றிதழ் பெற்றது. அதன் உடலும் இறக்கையும் கண்ணாடியிழைக் கலப்புப்பொருளே. ஹன்சா உற்பத்தியில் ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா வானூர்தித் தொழிற்சாலையும் பங்கெடுத்தது.

அத்தொழிற்சாலையின் ஓடுதளத்தில்தான் கதை தொலைக்கட்டுப்பாட்டுக்குத் திரும்புகிறது. தமானியாவின் இலகு வானூர்தி வடிவமைப்பிலிருந்து விமானி இருக்கையை நீக்கி, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் ஆளில்லா வானூர்தி ஒன்றை உருவாக்கியது. 2001இல் மறைந்த பேராசிரியரின் நினைவாக அதற்கு ரஸ்தம்-1 எனப் பெயரிடப்பட்டது. இறக்கை நீளம் 7.9 மீட்டர். 2009 நவம்பர் 16 அன்று ஓசூர் தளத்தில் அது முதன்முறையாக மேலெழுந்தது, சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. பறக்கும் உயரம் தவறாகக் கணிக்கப்பட்டதால் தரையிலிருந்து வந்த கட்டளை இயந்திரத்தை நிறுத்திவிட்டது என நிறுவனம் அறிவித்தது. ஓட்டமும் மேலெழுதலும் திட்டப்படியே நடந்தன என்றும் அது கூறியது. ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின், 2010 அக்டோபர் 16 அன்று, அதே தளத்திலிருந்து ரஸ்தம்-1 சுமார் 30 நிமிடம் பறந்து தரையிறங்கியது.

தரையில் நின்றுகொண்டு வானூர்தியின் உயரத்தைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதை மாதிரி வானூர்தி இயக்குவோர் அனைவரும் அறிவர். ரஸ்தம்-1 அளவில் பெரியது, செலவில் மிகப் பெரியது. ஆனால் அதன் முதல் விபத்துக்கான காரணம், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் இறக்கை உடைத்துக்கொண்டு வருபவருக்கு அந்நியமானதன்று.

பெரிய மாதிரி வானூர்திகள்

தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிகளில் ஒற்றை இறக்கையின் நீளம் 80 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 'பெரிய அளவு மாதிரி' எனக் கொள்ளும் வழக்கம் உள்ளது. பெட்ரோல் இயந்திரம் பூட்டிய இவ்வகை மாதிரிகளில் உடல், இயந்திர மூடி, சக்கர மூடி ஆகியவை பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. தமிழ்நாட்டில் மாதிரி வானூர்தி ஆர்வம் பொதுமக்களின் பேச்சில் இடம்பெற ஒரு காரணம் நடிகர் அஜித் குமார். அவர் ஆலோசகராக இருந்த எம்.ஐ.டி.யின் தக்சா அணி, 2018இல் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

இம்மாதிரிகளில் விரிசல் எங்கு வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். இயந்திர மூடியின் திருகுத் துளைகள், சக்கரக்கால் பொருத்திய இடம், இறக்கை உடலைச் சேரும் மூலை, வால் தொடங்கும் குறுகிய பகுதி ஆகியவை அவை. துளைகளில் விரிசலை உண்டாக்குவது அதிர்வு. சக்கரக்கால் பகுதியில் அதற்குக் காரணம் கடுந்தரையிறக்கம்.

கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட ஆபத்தானது அடுக்குகளுக்கிடையே ஏற்படும் பிரிவு. மேற்பூச்சு நன்றாக இருக்கும், உள்ளே துணி அடுக்குகள் ஒன்றையொன்று விட்டிருக்கும். இதனைக் கண்டறிய நாணயத்தால் தட்டிப் பார்ப்பது வானூர்திப் பணிமனைகளிலும் நடைமுறையில் உள்ள சோதனையாகும். நல்ல இடம் கணீரென ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே அறிவுதான் இது.

ஒட்டு வலுப்பெறும் விதம்

கண்ணாடியிழைப் பொருளின் இழுவலு இழையில் இருக்கிறது, பிசின் அவ்விழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அறுந்த இழையை மீண்டும் இணைக்க முடியாது. ஆகவே செப்பனிட்ட இடத்தில், பழைய இழையின் சுமை பிசின் வழியாகப் புதிய இழைக்குச் செல்ல வேண்டும். பிசின் இழையைவிடப் பலமடங்கு மெலிந்தது. சுமையை அது கடத்த வேண்டுமானால் ஒட்டும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும்.

விரிசல்மேல் ஒரு துண்டுத் துணியை ஒட்டிவிடுவது போதாமைக்கு இதுவே காரணம். உடைந்த இடத்தின் விளிம்பை நீண்ட சரிவாகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் வெளிக்காட்டி, அடுக்குக்கு அடுக்குப் புதிய துணியை அதே இழைத் திசையில் வைக்க வேண்டும். படகுகளில் சரிவின் நீளம் தோலின் தடிமனைப்போல் குறைந்தது 12 மடங்கு எனக் கொள்வர். வானூர்திகளில் இது 20 முதல் 50 மடங்கு வரை செல்லும். 2 மில்லிமீட்டர் தோலுக்குப் படகுக் கணக்கில் 24 மில்லிமீட்டர் போதும், வானூர்திக் கணக்கில் 40 முதல் 100 மில்லிமீட்டர் வரை தேய்க்க வேண்டும். சிறிய விரிசலுக்காக உள்ளங்கை அகலம் தேய்ப்பது புதியவருக்கு அழிப்பதாகவே தோன்றும். அடுக்குகளில் சிறிய துண்டை முதலில் வைப்பதா, பெரியதை முதலில் வைப்பதா என்பது இன்றும் தீராத வாதம். சரிவின் நீளம் பற்றி அத்தகைய வாதம் இல்லை.

2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையில் பைபர் படகுகள் பெருகின, அவற்றைச் செப்பனிடும் கைகளும் பெருகின. துணி கிழிந்த இடத்தில் தயங்காமல் கைவைக்கும் அனுபவம் அங்கு உண்டு. ஆனால் அப்பழக்கத்தை அப்படியே வானூர்திக்குக் கொண்டுவர இயலாது. படகுப் பணியில் பயன்படும் 'மேட்' என்ற வெட்டிழைப் பாயின் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைந்து பாய் நெகிழ்வதற்காகச் செய்யப்பட்டது. எப்பாக்சியில் அது கரையாது, பாய் விறைப்பாகவே நிற்கும். மேலும் வெட்டிழைப் பாய் பிசினை மிகுதியாகக் குடிக்கும். வானூர்திக்கு நெய்த மெல்லிய துணியே ஏற்றது.

பிசின் தேர்விலும் வேறுபாடு உண்டு. பாலியெஸ்டருக்குச் சேர்க்கும் வினையூக்கியைச் சற்றே கூட்டிக் குறைத்து இறுகும் நேரத்தை மாற்றலாம். எப்பாக்சியின் கெட்டிப்படுத்தியில் அவ்வாறு செய்யக் கூடாது. அளவு பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்புப் போகாது. பழைய, இறுகிய பரப்பின்மேல் ஒட்டும் திறன் எப்பாக்சிக்கே அதிகம் என்பதால் செப்பனிடலுக்கு அது விரும்பப்படுகிறது. ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியின்மேல் மெழுகு போன்ற படலம் படிவதுண்டு. அதைத் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கை வைக்க வேண்டும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமின்றி இவ்வேலையைத் தொடக் கூடாது.

வலுவூட்டலும் எடையும்

உடைந்த இடத்தை முன்னைவிடத் தடித்ததாக்கினால் அது மீண்டும் உடையாது என்ற எண்ணம் பரவலானது. அது பாதி உண்மை. தடித்த ஒட்டு வளைய மறுக்கும், அதன் விளிம்பில் அழுத்தம் குவியும், அடுத்த விரிசல் அங்கே தொடங்கும். எனவே வலுவூட்டும் துணிகளை ஒன்றைவிட ஒன்று சிறியதாக வெட்டி, தடிமன் படிப்படியாகக் குறையுமாறு வைக்கின்றனர். முறுக்கு விசை மிகுந்த பின்னுடலில் துணியை 45 பாகை சாய்த்து வைப்பது பயன்தரும்.

வால் பகுதியில் எடை இன்னும் கடுமையான சிக்கல். ஈர்ப்பு மையத்திலிருந்து வாலுக்குள்ள தூரம் மூக்குக்குள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு எனக் கொண்டால், வாலில் சேர்த்த 50 கிராம் பிசினுக்கு மூக்கில் 150 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தம் 200 கிராம் கூடுகிறது. ஈயம் வைக்காமல் பறக்கவிட்டால் வானூர்தி நிலைப்புத்தன்மை இழக்கும். நன்கு செய்த ஒட்டுக்கூட இவ்வகையில் வானூர்தியை வீழ்த்தக்கூடும்.

வெப்பமும் கணக்கில் வரும். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி சூடேறினால் மென்மையாகும். கண்ணாடியிழைச் சறுக்கு வானூர்திகள் வெள்ளை நிறத்தில் இருப்பதற்கு அழகு காரணமன்று. பல சறுக்கு வானூர்திகளின் வலு ஏறத்தாழ 54 பாகை செல்சியசு வரையே உறுதி செய்யப்பட்டிருந்தது, கரிய மேற்பரப்பு வெயிலில் அதனை எளிதில் தாண்டிவிடும். ருட்டானும் தம் வானூர்திகளுக்கு வெள்ளை நிறத்தையே வலியுறுத்தினார். திண்டுக்கல் சமவெளியில் சித்திரை வெயிலில் நிறுத்திய கருநிற மாதிரியைத் தொட்டுப் பார்ப்பவருக்கு இவ்விதியை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 2021 ஆகத்து 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள், கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகப் பார்வைத் தொலைவுக்குள் இயக்கப்படும் 25 கிலோகிராம் வரையிலான வானூர்திகளை மாதிரி வானூர்திகள் என வரையறுக்கின்றன. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. செப்பனிட்ட இறக்கை தாங்குமா என்பதை அதைச் செப்பனிட்டவரே சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பழைய முறை ஒன்று உண்டு. வானூர்தியைக் கவிழ்த்து உடலைத் தாங்கி வைத்து, பறக்கும்போது இறக்கை ஏற்கும் சுமைக்கு ஈடாக மணல் மூட்டைகளை இரு இறக்கைகளிலும் சீராக அடுக்குவர். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒட்டிய இடத்தில் காதை வைத்துக் கேட்பர். சடசடப்பு எழுந்தால் மூட்டைகளை இறக்கிவிட்டு மீண்டும் உப்புத்தாளை எடுப்பர்.