பஞ்சாரத்துக்கு வெளியே வளர்ந்த குஞ்சு

வளர்ந்த கோழிகள் இருக்கும் சிறிய கூண்டுக்குள் புதுக் குஞ்சுகளை விட்டால், அவை தலையிலும் முதுகிலும் கொத்து வாங்கி மூலையில் ஒடுங்கும். பார்ப்பவர்கள் பழைய கோழிகளின் குணத்தைக் குறை சொல்கிறார்கள். குற்றம் கோழியினுடையது அல்ல, குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்த ஏற்பாட்டினுடையது என்கிறது கோழி வளர்ப்பின் வரலாறு. அடைக்கோழி பொரித்த குஞ்சுகள் பிறந்த நாள் தொட்டு அதே முற்றத்தில்தான் மேய்ந்தன. நெருங்கிவரும் கோழியைத் தாய் சிறகை விரித்துச் சீறி விரட்டும். பருந்துக்குப் பயந்து நம் ஊர்களில் தாய்மீதும் குஞ்சுகள்மீதும் கவிழ்த்து வைத்த மூங்கில் பஞ்சாரமும் இதில் பங்கு வகித்தது. அதன் இடைவெளி வழியே மற்றக் கோழிகள் குஞ்சுகளைப் பார்க்கலாம், எட்டிக் கொத்துவது கடினம். குஞ்சுகள் விடைக்கோழிகளாகும்போது கூட்டத்துக்கு அந்நியமாக இருக்கவில்லை.

தாயில்லாமல் பொரிப்பது புதிதல்ல. எகிப்தில் அது அரிஸ்டாட்டில் காலத்திலேயே தெரிந்த தொழில். ஆனால் அதைப் பெருந்தொழிலாக்கிய இடங்களில் முதன்மையானது கலிஃபோர்னியாவின் பெட்டலூமா. 1879-இல் லைமன் பைஸ் அங்கே உருவாக்கிய இன்குபேட்டரைத் தொடர்ந்து பொரிப்பகங்கள் பெருகின. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள் தாய் முகம் பார்க்காமல் வெப்பத்தடியில் தனியே வளர்ந்தன. வயது வேறுபட்ட பறவைகளைத் திடீரென ஒன்று சேர்க்கும் தேவை பரவலானது அதன் பிறகுதான்.

சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துவந்த நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரூப்-எப்பெ, 1922-இல் வெளியிட்ட ஆய்வில் கொத்து வரிசையை விளக்கினார். யார் யாரைக் கொத்தலாம் என்பது கூட்டத்தில் முடிவாகிவிட்டால் சண்டை தணிகிறது. புதுமுகம் வந்தால் அந்த முடிவு மறுபடி எழுதப்பட வேண்டும். 1944-இல் அமெரிக்காவில் கூல், ஆலி என்ற ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். உறுப்பினர்களை அடிக்கடி மாற்றிய கூட்டங்களில் கொத்தல் கூடியது, தீனியும் முட்டையும் குறைந்தன. ஆகவே இழப்பு குஞ்சுக்கு மட்டுமல்ல.

தாய்க்கோழியே சில வாரங்களில் குஞ்சுகளைக் கொத்தித் துரத்துகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்குள் எந்தக் கோழியிடமிருந்து விலக வேண்டும், எந்த வேலி இடுக்கில் நுழையலாம் என்று அவை கற்றிருக்கும். ஓட முற்றமும் இருக்கும். நாலடிக் கூண்டில் ஓட இடமில்லை, தோற்ற பறவை தோற்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நோய் பற்றிய ஆட்சேபம் இன்னும் வலுவானது. மூத்த கோழிகள் மாரெக் நோயையும் ரத்தக்கழிச்சலையும் குஞ்சுகளுக்குக் கடத்தக்கூடும் என்பதால் பெரிய பண்ணைகள் வயதுகளைக் கலப்பதில்லை. அங்கே அது சரியான முடிவு. நாலைந்து கோழிகள் வைத்திருக்கும் வீட்டாருக்கு அந்த வழி இல்லை. அவர்கள் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டு, ஓரளவு வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அதன்பின் செய்ய வேண்டியது பஞ்சாரம் செய்ததுதான். நடுவே கம்பிவலை கட்டி, இரு பக்கமும் தனித்தனித் தீனியும் தண்ணீரும் வைத்து, சில வாரங்கள் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். வலையை எடுக்கும் நாளில் குஞ்சுகளைத் தனித்தனியே அல்லாமல் கூட்டமாக விடுங்கள்.